விற்காத உப்பு மூட்டை

அந்தக் காலத்தில் கழுதை பேசும், ஆமை பேசும், கோழியும் பேசும். மனிதர்களைவிடக் கொஞ்சம் அளந்தே பேசும். ஆனால் பிள்ளைகளை மட்டும் யாரும் முதுகில் தூக்கியதில்லை. முதுகு மூட்டைக்கு, இடுப்பு பிள்ளைக்கு என்று இருந்த காலம் அது.

கடலோர உப்பளத்தில் சேவுகன், இருளாயி என்று ஒரு புருஷன் பெண்டாட்டி இருந்தார்கள். கோடையெல்லாம் உப்பு வாரிச் சேர்ப்பார்கள். மழைக்கு முன்னால் அதைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு வயல் சூழ்ந்த ஊர்களுக்குப் போய் நெல்லுக்கு மாற்றிக்கொண்டு வருவார்கள். அந்த நெல் வந்தால்தான் மழைக்காலத்தில் வீட்டில் உலை கொதிக்கும். அவர்களுக்கு ராக்கு என்று ஒரே மகள். நாலு வயது. நல்ல பிள்ளைதான். சிணுங்குவாள், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நான் சுலபமாகச் சொல்லிவிட்டேன். அழுகை என்றால்கூடப் பரவாயில்லை. ஏதோ ஒன்றுக்காக வரும், அது கிடைத்ததும் நின்றுவிடும். ராக்குவின் சிணுங்கல் எதற்கென்றும் வராது, எதற்கும் நிற்காது. தண்ணீர் கேட்பாள். கொடுத்தால் இந்தச் செம்பு வேண்டாம் என்பாள். செம்பை எடுத்து வைத்தால், அதை ஏன் எடுத்தாய் என்று அடுத்ததை ஆரம்பிப்பாள். காலில் மணல் ஒட்டுகிறதாம். பிறந்ததே கடற்கரையில்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கரைக்கு வந்த ஆமை, "முட்டைய இட்டேன், மண்ணப் போட்டு மூடுனேன், கடலுக்குப் போயிட்டேன். எம் புள்ளைக யாரு எவருன்னே எனக்குத் தெரியாது. நிம்மதியா இருக்கேன் தாயி" என்றது.

"அது எனக்கு ஆகாது" என்றாள் இருளாயி.

"தலையில ஒரு கொத்து கொத்து. எங்குஞ்சுக மூச்சு விடாது" என்றது கோழி. இருளாயி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் முதுகில் ஓர் அடி வைத்தும் பார்த்தாள். சிணுங்கல் நிற்கவில்லை, விக்கலும் சேர்ந்துகொண்டது. அன்று முழுக்க இருளாயிக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வருடம் மேகம் முந்திக்கொண்டது. அவசர அவசரமாக மூட்டைகளைக் கழுதை மேல் ஏற்றினார்கள். சேவுகன் தோளில் ஒன்று, இருளாயி முதுகில் ஒன்று. பின்னால் ராக்கு.

"ம்மா... தூக்கு... காலு வலிக்கிது... தூக்கு..."

முதுகில் மூட்டையோடு இடுப்பிலும் வைத்துக்கொண்டாள். "இப்பிடி இல்ல... அந்தப் பக்கம்..." இடுப்பை மாற்றினாள். "வெயிலடிக்கிது..." முந்தானையால் மூடினாள். "இருட்டா இருக்கு..." சேவுகன் பனங்கற்கண்டு கொடுத்தான். அது கையில் ஒட்டுகிறது என்று அதற்கும் ஒரு பாட்டு. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, காய்ந்தது, மறுபடி வழிந்தது.

கழுதைக்குக் காது எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாருக்கும் கேட்டதைவிட அதற்கு இரண்டு பங்கு கேட்டது. ஊர் எல்லைக்கு வந்து, முதல் வீடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், அது பொத்தென்று படுத்துவிட்டது.

"என்னாச்சு?" என்றான் சேவுகன்.

"உப்பச் சொமக்கச் சொன்னீங்க, சொமந்தேன். இந்த நைநைய சேத்துச் சொமக்க என்னால ஆகாது. அந்தப் புள்ள வாயில இருந்து ஒரு சிரிப்பு கேக்கட்டும், எந்திரிக்கிறேன்" என்றது கழுதை.

சேவுகன் கெஞ்சினான், மிரட்டினான், வாலைப் பிடித்து இழுத்தும் பார்த்தான். கழுதை கண்ணை மூடிக்கொண்டது. மேற்கே இடி உருண்டது. ஒரு மழை போதும், கோடை முழுக்க வெந்து சேர்த்த உப்பு தண்ணீராக ஓடிவிடும்.

இருளாயிக்கு அழுகை வந்தது. பிள்ளை மேல் கோபம் வந்தது. கோபம் வந்ததே என்று தன் மேலும் வெறுப்பு வந்தது. தன் மூட்டையைக் கழுதை பக்கத்தில் இறக்கி வைத்தாள். "நீங்க இதப் பாத்துக்கங்க. அந்த வீட்டுல உப்ப மூடிப் போட ஓலைப்பாய் எதுவும் இருக்கான்னு கேட்டுட்டு வாரேன்" என்றாள்.

"ம்மா... நானும்... தூக்கு..."

இடுப்பு இரண்டு பக்கமும் விட்டுப்போயிருந்தது. இருளாயி குனிந்தாள், மகளின் கை இரண்டையும் தன் கழுத்தைச் சுற்றி இழுத்தாள், மூட்டை இருந்த இடத்தில் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

இத்தனை வருடப் பழக்கம் சும்மா விடுமா? முதுகில் கனம், கண்ணெதிரே ஒரு வாசல். பாய் கேட்கப் போனவள் வாய் தன்பாட்டில் கூவிவிட்டது.

"உப்போ... உப்பு."

வீட்டுக்குள் இருந்த குருவம்மாவுக்கு உப்பு தீர்ந்து இரண்டு நாளாகியிருந்தது. சின்ன ஓலைக் கொட்டானில் நெல்லை அள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். "இந்தா வந்துட்டேன் மதினி, எறக்கு."

இருளாயியும் அதே பழக்கத்தில் திரும்பி முதுகைக் காட்டிக் குனிந்தாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. வெட்கத்தோடு குனிந்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

குருவம்மா மூட்டையைப் பார்த்தாள். மூட்டை மூக்கு ஒழுக அவளைப் பார்த்தது. குருவம்மா நாலு பெற்றவள். குனிந்து நின்றவளின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. நெல் கொட்டானைக் கீழே வைத்துவிட்டு, மூட்டையை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தாள்.

"மூட்ட நல்லா கெட்டியாத்தான் இருக்கு. என்ன மதினி, ஒங்க ஊரு உப்புக்குக் கண்ணு மொளச்சிருக்கு?"

ராக்கு சிணுங்கலைப் பாதியில் நிறுத்தினாள். "நான் உப்பு இல்ல" என்றாள்.

"பேசவும் செய்யிது. பழைய உப்பு போல. கரிக்குதா இல்லையான்னு பாக்காம நான் எப்பிடி வாங்குறது?" என்று சொல்லி, ராக்குவின் கன்னத்தில் அழுத்தி ஒரு முத்தம் வைத்தாள். காலையிலிருந்து வழிந்து காய்ந்த கண்ணீரும் வேர்வையும் அவள் உதட்டில் ஒட்டின. நாக்கைச் சப்புக்கொட்டினாள். "அட, கரிக்கிதே. உப்புத்தான். ஒரு கொட்டான் நெல்லு தாரேன், குடுத்துரு."

இருளாயிக்கு எங்கிருந்தோ உயிர் வந்தது. "ஒரு கொட்டானா? இது நான் பத்து மாசம் காய வெச்ச உப்பு. ஒன் வயக்காடு மொத்தத்தையும் குடுத்தாலும் கட்டாது" என்றாள்.

முதுகில் ஒரு குலுங்கல். முதலில் சின்னதாக, பிறகு இருளாயியின் கழுத்தே ஆடுகிற அளவுக்கு. ராக்கு சிரித்தாள். "அம்மா, இன்னொரு தடவ வெல சொல்லு" என்றாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் கன்னத்தில் ருசி பார்த்தாள், ஒவ்வொருத்தியும் விலை கேட்டாள், எவளுக்கும் இருளாயி கொடுக்கவில்லை.

ஊர் எல்லையில் ஒரு நீளமான காது விறைத்தது. கழுதை எழுந்தது, எழுந்த வேகத்தில் ஓடியும் வந்தது. பின்னால் சேவுகன், தோளில் ஒரு மூட்டை, நெஞ்சோடு ஒரு மூட்டை. பெண்களெல்லாம் கை கொடுக்க, கடைசி மூட்டை குருவம்மா வீட்டுக்குள் போனதும் மழை ஊற்றியது. ஒரு கல் உப்புகூட நனையவில்லை.

சிணுங்கல் அடியோடு ஒழிந்தது என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். நெல்லோடு திரும்பும்போது பாதி வழியில் மறுபடி ஆரம்பித்தது. "எம்மேல ஏறிக்கிறியா?" என்று கழுதையே கேட்டது. ராக்கு தலையாட்டி மறுத்தாள். "உப்பு மூட்ட" என்றாள். இருளாயி சிரித்துக்கொண்டே குனிந்தாள்.

அன்று முதல்தான், நைநை என்று காலைச் சுற்றுகிற பிள்ளையை முதுகில் போட்டுக்கொண்டு, உப்போ உப்பு என்று கூவி, அடுப்படிக்கும் வாசலுக்குமாக விற்கப் போகிறோம். கூவினால் வீட்டில் இருப்பவர்கள் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வந்து, கன்னத்தில் ருசி பார்த்த பிறகுதான் விலை பேச வேண்டும். எத்தனையோ தலைமுறையாக எத்தனையோ மூட்டைகள் இப்படி விலைக்கு வந்துவிட்டன. இன்றுவரை ஒன்றுக்குக்கூட விலை படியவில்லை.