காவலன் தலைக்கு மேலே பறந்த குண்டு

"நடுவில் என் மெய்க்காவலன் நிற்கிறான். அவன் தலையைத் தாண்டிக் குண்டு போட்டு என் ராஜாவைத் தூக்குகிறாய். இதற்குப் பெயர் ஆட்டமா?"

காலையிலிருந்து நெடுங்கோ மகாராஜா இதையே சொல்லிக்கொண்டிருந்தார். சங்குமுனைத் துறைமுகத்துக்கு வருஷா வருஷம் வரும் சீன வணிகர் லின், முந்தின நாள் தம் ஊர்ச் சதுரங்கத்தில் அவரைத் தோற்கடித்துவிட்டார். அதற்குத்தான் இத்தனையும். வீட்டில் ஆண்பிள்ளை கேரம் தோற்றால் போர்டில் பவுடர் சரியில்லை என்பார், நாம் காபியைக் கொடுத்து வாயை அடைக்கலாம். ராஜா தோற்றால் கப்பலையே பிடித்து வைத்துவிடுவார்.

அப்படித்தான் பிடித்து வைத்திருந்தார். யோசனை மந்திரி திம்மராயருடையது. லின் கப்பலில் இருந்த பட்டு அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏமாற்றி ஜெயித்தவன் சரக்கைப் பறிமுதல் செய்யலாம் என்று ராஜாவின் காதில் ஓதிவிட்டார். காற்று திசை மாறப்போகிற நேரம். அன்று கிளம்பாவிட்டால் லின்னும் மாலுமிகளும் அடுத்த பருவம் வரை இங்கேதான்.

ராஜா குழைக்காதரைக் கூப்பிட்டார். சபையில் வாய் கொஞ்சம் நீளமானவர் அவர்தான்.

"ஆட்டத்தை ஆராய்ந்து தவறு எங்கே என்று சொல்லும். தவறு என்னுடையது என்றால் உமது தலை போகும். தவறே இல்லை என்றால் அவன் ஏமாற்றினான் என்று அர்த்தம், கப்பல் எனக்கு."

என்ன நியாயமோ! குழைக்காதர் பலகையை விரித்தார். நடுவே ஒரு ஆறு. காய்கள் கட்டத்துக்குள் உட்காராமல் கோடுகள் சந்திக்கிற இடத்தில் நிற்கும். பக்கத்தில் நின்ற லின் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு நகர்த்தலாக வைத்துக்கொண்டே வந்தார். ராஜாவின் குதிரை தன் சிப்பாய் மேலேயே முட்டிக்கொண்டு நின்றது சின்னப் பிசகு, அதனால் ஒன்றும் குடிமுழுகவில்லை. யானை ஆற்றைத் தாண்டவில்லை என்று ராஜா முனகினார். அந்த ஊர் யானை தாண்டாது, விதி அப்படி. தேர் வெளுத்து வாங்கியது. இன்னும் ஒரே ஒரு நகர்த்தல், லின் காலி.

அந்த நேரத்தில்தான் லின்னுடைய பீரங்கிக் காய் ராஜாவுக்கு நேரெதிரே வந்து நின்றது. திம்மராயர் பதறி, மெய்க்காவலனை நடுவில் வைக்கும்படி ராஜாவின் காதில் நச்சரித்தார். வைத்தார்கள். நிச்சயம்தானா என்று லின் இரண்டு தடவை கேட்டார். வைத்த காயை மகாராஜா எடுக்கமாட்டார் என்று திம்மராயரே பதிலும் சொன்னார். பீரங்கி தாண்டியது, ராஜா போனார்.

குழைக்காதர் பலகையை அப்படியே விட்டு எழுந்தார். வரவேற்புத் தட்டிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்தார். எதிர்க்கோடிக்குப் போய் நின்று ராஜாவின் தலையைப் பார்த்து வீசினார். ராஜா சட்டென்று சாய்ந்தார். பழம் சுவரில் பட்டு உருண்டது. காவலர்கள் கத்தியில் கை வைத்தார்கள்.

"மந்திரியாரே, மகாராஜாவைக் காப்பாற்ற முன்னால் வந்து நில்லுங்கள்" என்றார் குழைக்காதர், ரொம்பப் பணிவாக.

திம்மராயர் கேடயத்தோடு போய் நின்றார். நல்ல அகலமான மனிதர். இரண்டாவது பழம் அவர் தலைப்பாகைக்கு மேலே போய் ராஜாவின் கிரீடத்தில் டொக்கென்று இறங்கியது.

மந்திரியின் முதுகுக்குப் பின்னாலிருந்து ராஜாவின் குரல் மட்டும் வந்தது.

"என்னய்யா இது?"

"முதல் பழம் ஏன் படவில்லை அரசே?"

"பார்த்தேன், விலகினேன்."

"இரண்டாவது?"

"எங்கே பார்ப்பது? இவர் முதுகுதானே தெரிகிறது!"

"அந்தப் பீரங்கியும் இதே ஜாதிதான் அரசே. நடுவில் ஒரு ஆள் இருந்தால்தான் அது வெட்டும். யாரும் இல்லையென்றால் சும்மா நிற்கும். வணிகர் ஏமாற்றவில்லை. காவலனை நடுவில் வைத்ததுதான் தவறு." குனிந்து கழுத்தை நீட்டினார். "வைத்தது மகாராஜா என்றால் என் தலை இதோ. வேறு யாராவது என்றால், தவறு மகாராஜாவுடையது இல்லை. அது யாரென்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் சொல்லவேண்டும்."

ராஜா எதிரே இருந்த முதுகை நன்றாகப் பார்த்தார். பிறகு சிரித்தார். கிரீடம் சரியும்படி சிரித்தார். கப்பலை அவிழ்த்துவிட அப்போதே ஓலை போனது. குழைக்காதருக்குப் பட்டு, அதுவும் திம்மராயர் கைக்காசில் வாங்கி. லின் கிளம்புவதற்குள் அந்த ஒரு நகர்த்தலை மட்டும் திரும்ப ஆடிவிடலாம் என்று ராஜா இறங்கி வந்தார். காவலனை எடுத்தார், தேரை நகர்த்தினார், லின் கைகூப்பிவிட்டார். சபை மொத்தமும் பலகையைச் சுற்றி மொய்த்துக்கொண்டது.

காலியான சிம்மாசனத்துக்கு முன்னால், கேடயமும் கையுமாக, திம்மராயர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"அரசே, நான் கொஞ்சம் நகரலாமா?"