நாற்பத்தேழாம் தொட்டியின் கடிகாரம்

"என் கட்டுரை மூணு நாளா உங்க மேசையிலயே கிடக்கு. ஏன் மேடம் கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க?"

அருமைநாயகம் கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் குரல் உயர்ந்துபோனது அவருக்கே உறைத்தது.

அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. அவருடைய ஆய்வு நெறியாளர் செங்கமலத்துக்கு நாற்பது. அண்டக்கதிர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தவர் அருமைநாயகம். அந்த வறண்ட மேட்டுநிலத்தில் நிற்கும் இருநூறு தண்ணீர்த் தொட்டிகளும் அவர் கையால் நிறுத்தியவை. ஐம்பது தாண்டிய பிறகு முனைவர் பட்டத்துக்குச் செங்கமலத்திடம் மாணவராகச் சேர்ந்தார்.

இந்த மாதக் கடைசியில் ஓய்வு. இன்று மாலை ஐந்து மணிக்குள் கட்டுரை மாநாட்டுக்குப் போயாக வேண்டும்.

விண்வெளியிலிருந்து வந்தது ஒரே ஒரு துகள். அணுவைவிடச் சின்னது. ஆனால் ஓங்கி எறிந்த கிரிக்கெட் பந்தின் வலு அத்தனையும் அதற்குள் இருந்தது. காற்றில் மோதிச் சிதறி, கோடிக்கணக்கில் பெருகித் தரையில் பொழிந்தது. எந்தத் தொட்டியில் எப்போது விழுந்தது என்று அதனதன் கடிகாரம் குறித்துவைத்தது. அந்த நேரங்களை வைத்துத்தான் வந்த திசையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அருமைநாயகம் கண்டுபிடித்திருந்தார். கோடு நேராக ஒரு விண்மீன் மண்டலத்தில் போய் நின்றது. நடுவே ராட்சதக் கருந்துளை உள்ள மண்டலம். இத்தனை வலுவான துகள்கள் எங்கே பிறக்கின்றன என்று உலகமே தேடிக்கொண்டிருக்கிறது. விடை இவர் கையில்.

"எத்தனை தொட்டி சார்?"

"அஞ்சு. ஓரத்துல விழுந்ததால அவ்வளவுதான்."

"ஆறு இல்ல?"

அருமைநாயகம் கட்டுரையின் ஓரத்தை நேராக்கி வைத்தார்.

"நாப்பத்தேழைச் சேர்க்கல மேடம். அதுல கடிகாரம் பழுது."

"சேர்த்தா?"

"கோடு விலகிப்போகுது."

"எங்க?"

"ஒண்ணுமில்லாத இடத்துக்கு."

இத்தனை வலுவோடு வரும் துகள் வெகுதொலைவிலிருந்து வர முடியாது. அண்டம் பிறந்த காலத்திலிருந்து வெளியெங்கும் நிறைந்திருக்கும் பழைய ஒளியில் மோதி மோதி வழியிலேயே களைத்துவிடும். பிறந்த இடம் பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும். அந்தத் திசையிலோ, பக்கத்தில் ஒரு மண்டலம்கூடக் கிடையாது.

"வழியில காந்தப்புலம் வளைச்சு விட்டிருக்குமோ மேடம்?"

"வலு குறைஞ்சதைத்தான் இஷ்டத்துக்கு வளைக்கும். இதை அவ்வளவு தூரம் வளைக்காதுன்னு உங்க கட்டுரையிலயே எழுதியிருக்கீங்க."

செங்கமலம் எழுந்து கட்டுரையைத் தன் பைக்குள் வைத்தார். ஜீப் சாவி, சோதனைக் கருவி, ஒரு பழுதுச்சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டார்.

"வாங்க."

ஜீப்பில் ஆறு கிலோமீட்டர் போனார்கள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நாற்பத்தேழாம் தொட்டிக்குப் பக்கத்தில் ஜீப் நின்றபோது முதல் மின்னல் வெட்டியது.

"வெட்டவெளி மேடம். இடி நேரத்துல யாரும் தொட்டிகிட்ட நிக்கக் கூடாதுன்னு நீங்கதான் விதி போட்டீங்க."

"இன்னும் தூரத்துலதான் இருக்கு. சீக்கிரம் பார்த்திடுங்க."

கருவியையும் சீட்டையும் அவர் கையில் கொடுத்தார்.

"பழுதுன்னு எழுதி நீங்க கையெழுத்துப் போடுங்க. அதுக்குக் கீழ நான் போடறேன். கட்டுரையிலயும் போடறேன். திரும்பிப் போனதும் அனுப்பிடலாம்."

சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். முதுகு மட்டும் தெரிந்தது.

அருமைநாயகம் தொட்டியின் கடிகாரப் பெட்டியைத் திறந்தார். கருவியின் கம்பியை மாட்டினார். திரையில் எண்கள் ஓடி நின்றன.

மணி நாலே கால்.

"மேடம், நீங்க பார்க்கலையா?"

"நீங்க பார்க்கறீங்களே."

"நான் தப்பாச் சொன்னா?"

"அப்படியே கையெழுத்துப் போடுவேன்."

இடி இறங்கியது. தொட்டிக்குள் பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீரும் அதிர்ந்தது போலிருந்தது. காற்று சீட்டைப் பறிக்கப் பார்த்தது. அதைப் பெட்டியின் மூடிமேல் வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்தார். பேனாவைத் திறந்தார். 'பழுது' என்பது மூன்றே எழுத்து. 'ப' போட்டார்.

அதற்கு மேல் கை நகரவில்லை.

"மேடம்."

செங்கமலம் திரும்பவில்லை.

"கடிகாரம் சரியாத்தான் ஓடுது."

மழையின் முதல் சொட்டுகள் பெட்டியின் தகரத்தில் தெறித்தன.

"இப்பத்தான் தெரிஞ்சுதுன்னு இல்ல. போன மாசமே வந்து பார்த்தேன். அப்பவும் சரியாத்தான் ஓடுச்சு."

"ஏறுங்க சார். நனையுது."

ஜீப்புக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். அடுத்த மின்னல் மிகப் பக்கத்தில் இறங்கியது. அருமைநாயகம் கண்ணை மூடவில்லை. கட்டுரை போனது, பேர் போனது, அதெல்லாம் இந்த நிமிஷம் அவர் மனதில் இல்லை. வேறொன்றுதான் இருந்தது.

"ஆறு கடிகாரமும் சரின்னா, அது வந்த வழியில ஒண்ணுமே இல்லையே மேடம்! அப்ப அது எங்கிருந்துதான் வந்துச்சு?"

செங்கமலம் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். தன் பையிலிருந்து கட்டுரையை எடுத்து, முதல் பக்கத்தில் தலைப்பை ஒரே கோட்டில் அடித்தார். பேனாவை அவரிடம் நீட்டினார்.

"எழுதுங்க."

"என்னத்தை?"

"இப்பக் கேட்டீங்களே, அதை."