நானே வந்து நின்றாலும்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் "எங்களையா சொன்னாய்?" என்று நாலு நாட்டார் சண்டைக்கு வருவார்கள். ஆகையால் பெயர் வேண்டாம். அரசன் பெயர் வீரகேது. அதைச் சொல்லலாம், அவன் சண்டைக்கு வரமாட்டான்.

நாட்டின் மேற்கு எல்லையில் ஓர் ஆறு. ஆற்றுக்கு அப்பால் மூன்று வருடமாகப் போர். அங்கிருந்து ஓடி வந்தவர்கள் ஆற்றைக் கடந்து மணல்மேட்டில் ஏறினால் எதிரே மதில் தெரியும். மதிலில் ஒரு கதவு. கதவுக்கு வெளியே ஒரு கல். கல்லில் அரசன் ஆணை இரண்டு வரி.

"அடைக்கலம் கேட்டு வருவோர் அனுமதி ஓலை பெற்றே உள்ளே வரவேண்டும். ஓலையின்றி நானே வந்து நின்றாலும் இக்கதவைத் திறக்கலாகாது. வீரகேது."

இரண்டாம் வரியை அரசன் சொன்ன நாளில் சபை முழுவதும் கைதட்டியது.

விண்ணப்பம் வாங்கும் சாளரம் கதவுக்கு உட்புறம் இருந்தது. எழுத்தர்கள் மேல் வெயில் படக்கூடாது என்று கொத்தனார் அந்தப் பக்கம் வைத்துவிட்டார். ஓலை கேட்க உள்ளே போகவேண்டும். உள்ளே போக ஓலை வேண்டும். தவறு தெரிந்ததும் மதிலை இடிக்க மனமில்லாமல், வெள்ளிக்கிழமைதோறும் ஓர் எழுத்தரை மதில்மேல் ஏற்றி, கயிற்றில் கூடை இறக்கி விண்ணப்பங்களை வாங்கினார்கள். மழைக்காலத்தில் எழுத்தர் ஏறமாட்டார். வழுக்கும்.

கூடையில் வந்த விண்ணப்பத்துக்கு இரண்டு முத்திரை வேண்டும். வந்தவன் ஒற்றன் அல்ல என்று தளபதி கோளரி முத்திரை வைக்கவேண்டும். வந்தவன் மெய்யாகவே துன்பப்பட்டவன் என்று மந்திரி பரமேட்டி வைக்கவேண்டும். துன்பப்பட்டவன் என்று தெரியாமல் ஒருவனை ஏன் விசாரிக்கவேண்டும் என்பது தளபதியின் கேள்வி. ஒற்றனா என்று தெரியாமல் ஒருவன் துன்பத்தை ஏன் கேட்கவேண்டும் என்பது மந்திரியின் கேள்வி. இரண்டும் நல்ல கேள்விகள்.

ஒருநாள் அரசன் யானைமேல் பவனி போனான். கடைத்தெருவில் எல்லோரும் வணங்கினார்கள். ஒருவன் மட்டும் வணங்காமல் சுண்டல் தின்றுகொண்டிருந்தான். விசாரித்ததில், அவன் முந்தாநாள்தான் காட்டுவழியாக நாட்டுக்குள் வந்தவன் என்றும், இவர்தான் அரசர் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை என்றும் தெரிந்தது.

அரசன் சபையைக் கூட்டினான்.

"கதவுக்கு வந்து கேட்பவன் மாதக்கணக்காக மணலில் கிடக்கிறான். கதவே இல்லாத வழியில் வருபவன் என் கடைத்தெருவில் சுண்டல் தின்கிறான். இதற்கு யார் பொறுப்பு?"

மந்திரி எழுந்தார். "மன்னர் மன்னா, எல்லை தளபதியாரின் துறை."

தளபதி எழுந்தார். "மன்னா, கதவு என் துறை. ஓலை மந்திரியாரின் துறை. காடு யாருடைய துறை என்று இன்னும் முடிவாகவில்லை."

இருவரும் எதிலும் ஒத்துப்போகாதவர்கள். அன்று ஒத்துப்போனார்கள். சிறையிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தி, எல்லாவற்றுக்கும் காரணம் இவனே என்றார்கள்.

"உன் பெயர் என்ன?" என்று அரசன் கேட்டான்.

"செங்கானுங்க. கல்தச்சன்."

"எல்லையை எத்தனை முறை தாண்டினாய்?"

"மூணு தடவைங்க. பொண்டாட்டி பவளாயிக்குக் காய்ச்சல். பத்தொன்பது நாளா மணல்ல கெடந்தா. காட்டு வழியா உள்ள வந்து வைத்தியரைக் கூப்பிட்டேன். அது ஒண்ணு. அவரைக் கூட்டிக்கிட்டு வெளிய போனேன். அது ரெண்டு."

"மூன்றாவது?"

"வைத்தியருக்குப் பொழுது சாஞ்சா கண்ணு தெரியாதுங்க. காட்டுல தனியா விடமுடியுமா? வீட்ல விட வந்தேன். அப்பதான் புடிச்சாங்க."

"உன் மனைவி?"

"நாங்க போய்ச் சேர்றப்பவே இல்லைங்க."

தளபதி, "மூன்று குற்றத்தையும் ஒப்புக்கொண்டான்" என்றார். "பட்டத்து யானையின் காலில் இடறச் செய்யலாம்" என்றார் மந்திரி.

அப்போது யாரோ தும்மினார்கள். விகடகவி பிச்சாண்டி. அரசன் இவனோடு மட்டும் சிரித்துப் பேசுவதால் மந்திரிக்கும் தளபதிக்கும் இவனைக் கண்டால் ஆகாது.

"மன்னா," என்றான் பிச்சாண்டி, "மூன்று வருடத்தில் காட்டுவழியாக வந்தவர் மூவாயிரம் பேர். அத்தனை பேரையும் இந்த ஒரு மனிதன் மூன்று நடையில் எப்படிச் சுமந்தான்? யானைக்குப் பதில் இவனைப் படையில் சேர்த்துக்கொள்ளலாமே."

மந்திரி இதற்காகவே காத்திருந்தவர்போல் எழுந்தார். "இவன் பொறுப்பில்லை என்றால் யார் பொறுப்பு என்று பிச்சாண்டியே காட்டட்டும். மூன்று நாள் தரலாம். காட்டாவிட்டால் யானைக்கு முன்னால் இவனும் நிற்கட்டும். யானை ஒன்றுதான், வேலையும் ஒரே வேலைதான்."

அரசனுக்கு இந்த ஏற்பாடு பிடித்துவிட்டது. "பிச்சாண்டி! பொறுப்பாளரை என் கண்முன் நிறுத்து. இல்லையேல் நாலாம் நாள் காலையில் இருவருக்கும் யானை."

முதல் நாள் பிச்சாண்டி தூங்கினான். இரண்டாம் நாள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தூங்கினான். மூன்றாம் நாள் காலையில் சபைக்கு வந்தான்.

"கண்டுபிடித்துவிட்டேன் மன்னா. எல்லைக் கதவுக்கு வெளியே நின்றால் தெரிவார்."

"உள்ளே அழைத்து வா."

"அவரிடம் ஓலை இல்லை, மன்னா."

அரசன் புறப்பட்டான். மந்திரியும் தளபதியும் கூடவே வந்தார்கள். பார்த்து அடையாளம் சொல்ல ஆள் வேண்டும் என்று பிச்சாண்டி செங்கானையும் அழைத்துக்கொண்டான். உச்சிப் பொழுதுக்குக் கதவு திறந்தது. வெளியே போக ஓலை வேண்டாம். அரசன், பிச்சாண்டி, செங்கான் மூவரும் வெளியே வந்தார்கள். மணல் சுடும் என்று மந்திரியும் தளபதியும் உள்ளேயே நின்றுவிட்டார்கள். கதவு மூடிக்கொண்டது.

அரசன் சுற்றிப் பார்த்தான். மணல்மேடு முழுக்க ஓலைக்கீற்றுக் கொட்டகைகள். ஜனங்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கே அவன்?"

"சிறிது பொறுங்கள் மன்னா. இன்னும் தெரிய ஆரம்பிக்கவில்லை."

ஒரு நாழிகை ஆயிற்று. கிரீடம் சுட்டது. அரசன் கதவைத் தட்டினான்.

கதவிலிருந்த சிறு துளைவழியே காவலன் வீரணனின் ஒரு கண் தெரிந்தது. "ஓலைங்க, மகாராசா?"

"நான் யாரென்று தெரியவில்லையா?"

"நல்லாத் தெரியுது மகாராசா. அதனாலதான் பயமாயிருக்கு. மத்தவங்களைப் பத்திக் கல்லுல பொதுவாத்தான் போட்டிருக்கு. உங்களைத்தான் குறிப்பிட்டுச் சொல்லியிருக்கு."

"திறக்கச் சொல்வது நான்!"

"திறக்காதேன்னு சொன்னதும் நீங்கதான். அது கல்லுல இருக்கு, இது காத்துல இருக்கு. போன மாசம் ஒரு கன்னுக்குட்டியை ஓலையில்லாம விட்டதுக்கே எனக்குப் பன்னண்டு சாட்டையடி. நீங்க கன்னுக்குட்டியைவிடப் பெரியவங்க."

அரசன் கத்திய கத்தலில் மந்திரியும் தளபதியும் மதில்மேல் ஏறி எட்டிப் பார்த்தார்கள்.

"இதோ ஓலை தருகிறேன் மன்னா," என்றார் மந்திரி. "தாங்கள் ஒற்றர் அல்ல என்று தளபதியார் முத்திரை வைத்தால் போதும்."

"வைக்கிறேன் மன்னா," என்றார் தளபதி. "தாங்கள் துன்பப்பட்டவர் என்று மந்திரியார் முதலில் சான்று தரட்டும்."

"இந்த வெயிலில் நிற்கிறேனே, கண் தெரியவில்லையா?"

"தெரிகிறது மன்னா," என்றார் மந்திரி வருத்தத்துடன். "பட்டியலில் போர், பஞ்சம், வெள்ளம் மூன்றுதான் இருக்கின்றன. வெயில் இல்லை."

இருவருக்கும் அரசனை உள்ளே விட ஆசைதான். ஆனால் முதலில் விதியை மீறியவன் இவன்தான் என்று மற்றவன் நாளைக்குக் கோள் சொல்வானே என்ற பயம். இருவரும் கலந்தாலோசிக்கக் கீழே இறங்கினார்கள். அப்புறம் வரவில்லை.

அரசன் ஒரு கொட்டகை நிழலில் போய் உட்கார்ந்தான். கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு பெண் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"புதுசா? கூத்துக்காரரா?"

அரசன் கிரீடத்தை நேராக்கிக்கொண்டான்.

"ராசா வேசமா? நல்லாத்தான் இருக்கு. கிரீடத்தைக் கழட்டி வைங்க, தலை வெந்துரும். கூடை வெள்ளிக்கிழமைதான் இறங்கும்." பிறகு செங்கானைப் பார்த்தாள். "அட செங்கா! விட்டுட்டாங்களா உன்னை?"

"இல்லக்கா. நாளைக்குக் காலைல யானை."

அவள் கரண்டியை வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். நாலு சிரட்டையில் கஞ்சி ஊற்றினாள். அரசனுக்கும் ஒன்று.

"எத்தனை நாளாக இங்கே இருக்கிறாய்?" என்று அரசன் கேட்டான்.

"எழுபத்திரண்டு நாள்."

"காட்டுவழியாகப் போயிருக்கலாமே?"

"போலாம். கால் இருக்கிற யாரும் போலாம். ஆனா என் வீட்டுக்காரர், கேட்டு வாங்கிக்கிட்டுத்தான் போவணும், அடுத்தவன் வீட்டுக்குள்ள திருடன் மாதிரி நுழையக்கூடாதுன்னாரு. நேர்மையான மனுசன்." அவள் தூரத்தில் தூங்கும் ஒருவனைக் காட்டினாள். "அதான் இங்கயே கெடக்கோம். நேர்மை இல்லாதவங்கல்லாம் உள்ள கடை போட்டுட்டாங்களாம்."

செங்கான் கஞ்சியைக் குடிக்கவில்லை. கொட்டகையின் மூலையில் ஓரிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒன்றும் இல்லை. ஒருவர் படுக்கும் அளவுக்கு மணல் சமமாக இருந்தது.

அரசன் அதைப் பார்த்தான். வெகுநேரம் கழித்துக் கேட்டான்.

"பிச்சாண்டி, பொறுப்பாளர் எப்போது வருவார்?"

"வந்துவிட்டார் மன்னா. கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார்."

அரசனின் கை சிரட்டையோடு நின்றது. "அப்படியானால் மந்திரி? தளபதி?"

"அவர்கள் தங்கள் வேலையைச் செய்யவில்லை. அது அவர்கள் குற்றம். மூன்று வருடமாக அவர்களைக் கேட்காமல் விட்டது ஒருவர். கல்லில் எத்தனை பெயர் இருக்கிறது என்று நான் மூன்று நாளும் யோசித்தேன். ஒன்றுதான் இருக்கிறது."

"உன் தலை என் கையில் இருக்கிறது என்பது நினைவிருக்கிறதா?"

"இருக்கிறது மன்னா. ஆனால் யானை உள்ளே இருக்கிறது. நாம் வெளியே இருக்கிறோம். யானையை வெளியே கூப்பிடலாம். வேலை முடிந்து அது திரும்பிப் போக ஓலை வேண்டுமே. எப்படிப் பார்த்தாலும் அது ஒற்றனில்லை என்று தளபதியார் சொல்லவேண்டும்."

அரசன் சிரிக்க ஆரம்பித்தான். கஞ்சி மூக்கில் ஏறி, இருமி, மறுபடியும் சிரித்தான். கூத்துக்காரருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"செங்கான், உன்னிடம் உளி இருக்கிறதா?"

உளிப்பை கொட்டகையில்தான் இருந்தது. அந்தப் பெண் பத்திரமாக வைத்திருந்தாள். செங்கான் கல்லின் முன்னால் உட்கார்ந்து இரண்டாம் வரியைச் செதுக்கி எடுத்தான். துளைவழியே பார்த்துக்கொண்டிருந்த வீரணன், "இனி மகாராசா மட்டும் வரலாம்" என்று கதவைத் திறந்தான்.

அரசன் வாசற்படியில் ஒரு கால் வைத்தான். திரும்பிப் பார்த்தான். காலை எடுத்துவிட்டான்.

"முதல் வரியையும் எடு."

அன்று மாலை மதிலில் ஒரு பகுதியை இடித்து, சாளரத்தை வெளிப்பக்கம் வைக்க ஆணையாயிற்று. சாளரத்தின் முன் மணலில் இரண்டு பலகை போட்டு மந்திரியையும் தளபதியையும் அருகருகே உட்கார வைத்தார்கள். விண்ணப்பம் வந்த மூன்று நாளுக்குள் உண்டு அல்லது இல்லை என்று சொல்லவேண்டும். சொல்லும்வரை, காத்திருப்பவர் குடிக்கும் கஞ்சிதான் இருவருக்கும். முதல் வாரத்திலேயே வேலை மளமளவென்று நடந்தது. நேரே கேட்டால் பதில் கிடைக்கிறது என்று தெரிந்ததும் காட்டுவழியில் புல் முளைத்தது.

செங்கானுக்கு மன்னிப்பும், உள்ளே தங்க ஓலையும் கிடைத்தன. பிச்சாண்டிக்கு முத்துமாலை. அதைப் போட்டுவிடும்போதும் அரசன் யானையை நினைத்துச் சிரித்தான்.

கல் மட்டும் வெறுமையாக நின்றது. அதில் என்ன எழுதுவது என்று மந்திரியும் தளபதியும் இரண்டு மாதம் விவாதித்தார்கள். ஒரு காலையில் பார்த்தால் எழுதியிருந்தது. ஒரே ஒரு சொல்: பவளாயி.

யார் உத்தரவு என்று மந்திரி கேட்டார். "யாரும் சொல்லலைங்க" என்றான் செங்கான். அரசன் வந்து படித்துவிட்டுப் பிச்சாண்டியைப் பார்த்தான். பிச்சாண்டி விகடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆணையை வேறொரு கல்லில் வெட்டச் சொல்லிவிட்டு அரசன் போய்விட்டான்.

அதுமுதல் அந்தக் கதவுக்குப் பவளாயி வாயில் என்று பேராகிவிட்டது. ஆற்றைக் கடந்து வருகிறவர்கள் கல்லைப் படித்துவிட்டு, பவளாயி யார், மகாராணியா என்று வீரணனிடம் கேட்பார்கள். அவன், "மொதல்ல நிழல்ல வந்து உக்காருங்க" என்பான்.