பதினேழு பேருக்கு மருந்து

நஸீமா டீச்சருக்கு முப்பது வயது. அவரிடம் புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி மொழியும் படிக்க வந்தவர்களில் சுடலைமுத்துவுக்குத்தான் வயது அதிகம், ஐம்பத்திரண்டு. மலையடிவாரத்து அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். அந்த வகுப்பிலேயே டீச்சருக்குப் பயந்தவரும் அவர் ஒருவர்தான்.

ஏன் வந்தேன் என்பதை முதல் சனிக்கிழமையே சொல்லிவிட்டார். அவர் ஆஸ்பத்திரிக்குப் பாம்பு கடித்து மாதம் சராசரியாக ஒன்பது பேர் வருவார்கள். அதனால் ஒன்பது பேருக்கு விஷமுறிவு மருந்து வாங்கி வைப்பார். போன ஆவணியில் பத்தாவதாகப் பேச்சியம்மாள் என்பவர் வந்தார். அலமாரி காலி. அவர் பிழைக்கவில்லை.

"எத்தனை பேருக்கு வாங்கி வச்சா யாருக்கும் இல்லைன்னு ஆகாது? அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும் டீச்சர்."

நிரல் எழுதுகிறவர்கள், யாரோ முன்பே எழுதி வைத்த கணக்குகளின் தொகுப்பை நூலகம் என்பார்கள். நஸீமா அதிலிருந்து, சராசரியைச் சுற்றி எண்ணிக்கை எப்படி ஏறி இறங்கும் என்று சொல்லும் பாய்சான் பரவலை எடுத்துக் காட்டினார்.

"சராசரி ஒன்பதுன்னு குடுங்க. எவ்வளவு நிச்சயம் வேணும்னும் குடுங்க. பூஜ்யத்துலருந்து ஒண்ணு வரைக்கும் குடுக்கலாம். எத்தனை பேருக்கு மருந்து வேணும்னு அது சொல்லும்."

"முழு நிச்சயம் வேணும்னா?"

"ஒண்ணு போட்டுப் பாருங்க."

வீட்டுக்குப் போய்ப் போட்டார். அடுத்த சனிக்கிழமை வரும்போது கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. நூலகத்தை இரண்டு தடவை அழித்துவிட்டு மறுபடி ஏற்றியிருக்கிறார். மடிக்கணினி விற்ற கடைக்காரரோடு சண்டைக்கும் போயிருக்கிறார்.

"நூலகம் கோளாறு டீச்சர். எண்ணே வரல. ஐ, என், எஃப்னு மூணு எழுத்துதான் வருது."

"அப்படின்னா முடிவிலி, அண்ணாச்சி."

"அப்பக் கோளாறுதான?"

"இல்ல. நீங்க கேட்டதுக்கு அதுதான் பதில். முழு நிச்சயத்துக்கு எத்தனை வாங்கினாலும் போதாது."

சுடலைமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. வகுப்பில் அழுவதாவது என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு வாரம் முழுக்க அந்த எண்ணை மலைபோல நம்பியிருந்தார், பாவம்.

நஸீமா அவர் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"ஒண்ணுலருந்து கொஞ்சம் கீழ இறங்குங்க."

பூஜ்யம், புள்ளி, இரண்டு ஒன்பது என்று அடித்தார். பதினேழு என்று வந்தது.

"பதினேழு பேருக்கு வாங்கினா, நூறு மாசத்துல ஒரு மாசம்தான் போதாமப் போகும்?"

"கிட்டத்தட்ட."

அந்த ஒரு மாதத்தை அவரால் விட முடியவில்லை. இன்னொரு ஒன்பது சேர்த்தார். இருபது. இன்னொன்று. இருபத்திரண்டு. இன்னொன்று. இருபத்திநான்கு. மனுஷர் நிறுத்துகிற மாதிரி தெரியவில்லை.

"மாவட்ட மருந்துக் கிடங்குலருந்து உங்களுக்கு மட்டுமா மருந்து வருது?" என்று நஸீமா கேட்டார்.

"எங்களுக்கும் பக்கத்து அணைக்கட்டு ஆஸ்பத்திரிக்கும் சேத்துத்தான். மாசம் முப்பத்திநாலு பேருக்குத் தருவாங்க. அதுக்கு மேல கேட்டாலும் கிடையாது."

"அவங்களுக்குச் சராசரி எத்தனை?"

"அவங்களுக்கும் ஒன்பதுதான். ஒன்பது பேருக்குத்தான் வாங்குவாங்க. பேச்சியம்மாள் வந்த அன்னைக்கு அங்கயும் தீந்துபோச்சு."

"இனி அவங்களும் கூடுதலா வாங்கணும்னா? நீங்க இருபத்திநாலு எடுத்தா அவங்களுக்கு எவ்வளவு மிஞ்சும்?"

"பத்து."

"பத்துன்னா எத்தனை மாசம் போதாமப் போகும்? அதையும் கேட்டுப் பாருங்க."

சுடலைமுத்து அடித்தார். நூறு மாதத்தில் இருபத்தொன்பது மாதம் என்று வந்தது. அணைக்கட்டில் மருந்து கொடுக்கிற பெண்ணை அவருக்குத் தெரியும். போன மாதம்தான் அவள் மகளுக்குக் காது குத்து. போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்.

நஸீமா வேறொருவரின் நிரலைத் திருத்தப் போய்விட்டார்.

திரும்பி வந்து பார்த்தபோது, சுடலைமுத்து தான் சேர்த்த ஒன்பதுகளை ஒவ்வொன்றாக அழித்திருந்தார். திரையில் பதினேழு நின்றது.

"சரி டீச்சர். அவங்களையும் பதினேழு வாங்கச் சொல்றேன். நூறுல அந்த ஒரு மாசம் எங்க ஆஸ்பத்திரிக்கு வந்துட்டா நான் என்ன செய்ய?"

"வரும், அண்ணாச்சி. வந்தா, பதினெட்டாவதா வர்றவங்களை வண்டியில ஏத்தி அணைக்கட்டுக்கு ஓட்டுங்க. நீங்க அழிச்ச ஒன்பதெல்லாம் அங்கதான் இருக்கு."