யாரும் தொடாத போல்ட்டு

“என்னத்தக் கண்டுட்டு சோதனைத் தாள்ல கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்க?”

கஸ்பார் கத்தின கத்துல பக்கத்து ரூமே எட்டிப் பாத்துச்சு. செய்யது பாத்திமா மேடம் மட்டும் நிமிரல.

அவங்க இவனைவிட வயசுல சின்னவங்க. ஆனா பைப் சோதனை வேலையில அந்தக் கெமிக்கல் ஆலைக்கே அவங்கதான் வாத்தியார். பைப் மாட்டுற மேஸ்திரியா இருந்த கஸ்பார், அந்த வேலையக் கத்துக்கத்தான் அவங்ககிட்ட வந்து சேந்தான். கத்துக்கிட்டதவிட சண்டை போட்டதுதான் ஜாஸ்தி.

“பழைய கறுப்பு போல்ட்டெல்லாம் உப்புக்காத்துல துருவேறி உதிர்ந்துச்சு. கழட்டி எறிஞ்சேன். இருக்கறதுலயே கெட்டியான ரகம் வாங்கினேன். அதுலயும் துத்தநாக முலாம் பூசினது. நேத்து என் கையால முறுக்கினேன். கண்ணாடியா மின்னுது. இன்னும் என்ன, பொட்டு வெச்சுப் பூ சூட்டணுமா?”

“முலாம் எப்படிப் பூசுவாங்க, அண்ணே?”

“ஆசிட்ல கழுவி, தொட்டியில முக்கி, கரண்ட் குடுத்து. எல்.கே.ஜி. கேள்வி.”

“அப்ப உள்ள ஹைட்ரஜன் பூந்துரும். ரொம்பக் கெட்டியான இரும்புன்னா அது சும்மா இருக்காது, உள்ளுக்குள்ளயே வெடிப்பு விட வெச்சிரும். பூசின கையோட அடுப்புல வெச்சு வாட்டி வெளியேத்தணும். இத வாட்டினாங்களான்னு கேட்டீங்களா?”

“வாட்டறதுக்கு அது என்ன கருவாடா?”

மேடம் சிரிக்கல.

“பேய் பூந்துருச்சுன்னே சொல்லிருங்களேன்!” கஸ்பார் மேசையில அடிச்சான். “சாயங்காலம் அந்த வால்வத் தெறக்கப் போறது என் தம்பி மிக்கேல். உள்ள வரப்போறது கொதிக்கிற காஸ்டிக் சோடா, மேல பட்டா சதையே வெந்துரும். கூடப்பொறந்தவன் நிக்கிற எடத்துல நான் சொத்த போல்ட்டையா மாட்டுவேன்?”

மேடம் எந்திரிச்சு வெளிய நடந்தாங்க. இவனும் பின்னாலயே போனான், திட்டிக்கிட்டே.

ரெண்டு பைப்போட வாயும் சேர்ற எடம். சுத்தி வட்டமா அவன் மாட்டின போல்ட்டுங்க. கொஞ்சம் தள்ளி ஒரு தூணு. அதுக்கு இந்தப் பக்கமா ஒரு பலகையப் போட்டாங்க.

“உக்காருங்க.”

“உக்காந்து?”

“பேசாம இருங்க.”

ஆலைய நிறுத்தி வெச்சிருந்தாங்க. எப்பவும் இரைஞ்சுக்கிட்டே கெடக்குற எடம். இப்ப ஒரு மோட்டார் ஓடல. உச்சி வெயில். கடல்காத்தும் நின்னு போச்சு. அத்தனை பைப்புலயும் புறா உக்காந்திருந்துச்சு. இந்த ஒரு பைப்புல மட்டும் இல்ல.

கஸ்பார் அதப் பாத்தான். பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டான்.

வெகு நேரமாச்சு.

போல்ட்டுங்க மின்னிக்கிட்டே இருந்துச்சு. அதுங்கதான் தன்னப் பாக்குதுன்னு தோணுச்சு அவனுக்கு.

“எதப் பாக்கறோம் மேடம்?”

“பாக்கல. கேக்கறோம்.”

அவ்வளவுதான், அவனுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. “என்னத்தக் கேக்க? பைப்பு காலி. பிரஷர் இல்ல. கிட்டத்துல ஆள் இல்ல. காத்துகூட இல்ல. எது வந்து என்ன பண்ணிரும்னு...”

ணங்.

புறா அத்தனையும் ஒரே நேரத்துல கெளம்புச்சு.

என்னமோ ஒண்ணு தரையில உருண்டு வந்து அவன் செருப்புல முட்டி நின்னுச்சு. போல்ட்டோட தலை.

எடுத்துப் பாத்தான். வளையல, இழுபடல, துருவும் இல்ல. ஒடஞ்ச முகம் கற்கண்ட நொறுக்கின மாதிரி மினுமினுன்னு இருந்துச்சு.

“யாரு தட்டினது?”

“நீங்கதானே பாத்துக்கிட்டிருந்தீங்க.”

அவன் கை தன்னால சிலுவை போட்டுச்சு.

விசிலடிச்சுக்கிட்டே மிக்கேல் வந்தான். அண்ணன் கையில இருந்த தலையப் பாத்தான். வட்டத்துல விழுந்திருந்த ஓட்டையப் பாத்தான். சிரிச்சான்.

“இம்புட்டுத்தானா? அதுக்கா பேயறஞ்ச மாதிரி நிக்க? வேற ஒண்ணு போட்டு முறுக்கிருவோம்ணே. மத்ததெல்லாம் கிண்ணுன்னுதான இருக்கு.”

சொல்லிக்கிட்டே கைய நீட்டிட்டுக் கிட்டக்கப் போனான்.

கஸ்பார் அவன் சட்டைக் காலரக் கொத்தாப் புடிச்சுப் பின்னால இழுத்தான். கத்தத்தான் வாயத் தெறந்தான். சத்தம் வரல, காத்துதான் வந்துச்சு.

“இதுவும் கிண்ணுன்னுதான்டா இருந்துச்சு.”