மாகாணி அகப்பைக் கசப்பு

மஞ்சனூரை ஆண்ட கட்டியப்ப ராயருக்கு ஏப்பம் நிற்கவே இல்லை. புலவர் பாடினால் ஏப்பம், தூதன் ஓலை படித்தால் ஏப்பம். பக்கத்து நாட்டுத் தூதன் அதைப் போர்முரசு என்று நினைத்துச் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவிட்டான்.

அரண்மனை வைத்தியர் நஞ்சுண்டர் ஒரு பானை நிலவேம்புக் கஷாயம் காய்ச்சினார். பானை பத்து அகப்பை கொள்ளும்.

"தினம் காலையில் ஒரு அகப்பை, நாற்பத்தெட்டு நாள். பானை தீர்ந்தால் ஆள் அனுப்புங்கள், மறுபானை காய்ச்சித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார்.

மருந்தறைச் சாவி இருளப்பனிடம் இருந்தது. இருளப்பன் முன்பு புளிச்சந்தைத் தரகன். ஏமாந்து ஏமாந்தே கணக்குப் படித்தவன். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஒருமுறை ராயருக்குக் குதிரை வாங்கப் போய், பாதி விலைக்குப் பேசி, கொசுறாக ஒரு குட்டியையும் ஓட்டிக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து சபையில் அவனுக்கும் ஒரு பாய்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. ராயரின் கொள்ளுத்தாத்தா குறைந்த குடம் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போருக்குப் போய், யானையிலிருந்து வழுக்கி விழுந்தாராம். அதிலிருந்து எந்தப் பாத்திரமும் குறைந்து நிற்கக் கூடாது. பால் குறைந்தால் பால் ஊற்றுவார்கள், நெய் குறைந்தால் நெய். இந்த வேலைக்கென்றே பேச்சி என்றொரு பணிப்பெண் செம்பும் கையுமாகச் சுற்றுவாள். கஷாயம் குறைந்தால்? வேறு கஷாயம் ஏது? பேச்சி தினமும் ஒரு அகப்பைத் தண்ணீர் ஊற்றினாள். பானை ஒருநாளும் தீரவில்லை. மறுபானை கேட்டு வைத்தியருக்கு ஆளும் போகவில்லை.

இரண்டாவது வாரம் ராயர், "கசப்பு குறைகிறதே" என்று சொல்லி அனுப்பினார்.

"நோய் குறைகிறது என்று அர்த்தம்" என்று மாமனார் வீட்டிலிருந்தே பதில் வந்தது.

ஏப்பமும் நின்றது. நாற்பத்தொன்பதாம் நாள் ராணி அந்தப் பானையில் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"என்னங்க இது? குளத்துத் தண்ணி."

வைத்தியரை இழுத்து வந்தார்கள். அவர் ஒரு சொட்டு நாக்கில் வைத்தார், வியர்த்தார், உடனே இருளப்பன் பக்கம் கையை நீட்டினார்.

"சாவி இவனிடம். என் மருந்தைத் திருடி விற்றுவிட்டுப் பச்சைத் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறான்."

"தண்ணீர் ஊற்றியது அரண்மனை வழக்கம், மகாராஜா" என்றான் இருளப்பன்.

"வழக்கத்தைக் குறை சொல்லாதே" என்று ராயர் உறுமினார். "தினம் ஒரு அகப்பைத் தண்ணீருக்கு மருந்தே காணாமல் போகுமா? பொழுது சாய்வதற்குள் இந்தப் பானையிலிருந்தே பழைய கசப்பைக் கொண்டுவா. ஒரு இலை, ஒரு தூள் புதிதாகச் சேர்க்கக் கூடாது. முடியாவிட்டால் கழுதைமேல் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து நாட்டைவிட்டுப் போ."

இருளப்பனுக்கு ரத்தம் கொதித்தது. கொதித்தபோதுதான் வழியும் தெரிந்தது.

"அடுப்பைக் கொண்டு வாங்கடா" என்றான்.

சபை நடுவே அடுப்பு மூட்டி, பானையை ஏற்றினான். அவன் கையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் வைத்தியர் பக்கத்திலேயே குந்தினார். பானை கொதித்து ஒரு விரற்கடை இறங்கியது. பேச்சி செம்பைத் தூக்கினாள்.

"ஆத்தா, கையை இறக்கு."

"பானை குறையுதே, அய்யா."

"குறையாது." மிச்சத்தை ஒரு சட்டியில் ஊற்றினான். தளும்பத் தளும்ப நின்றது. காலிப் பானையை வெளியே அனுப்பினான். சட்டியில் வற்றியதும் செம்பு, அதிலும் வற்றியதும் கிண்ணம். எது வந்தாலும் விளிம்புவரை நிறைந்தே வந்தது. பேச்சிக்கு வேலையே இல்லை. கடைசியில், பொழுது சாயும்போது, ஒரு சின்ன அகல்விளக்கு நிறையக் கருப்பாக ஏதோ நின்றது.

"சாப்பிடுங்கள், மகாராஜா."

ராயர் வாயில் ஊற்றினார். முகம் ஏழு கோணலாகப் போனது. கிரீடம் சரிந்தது.

"அதேதான்" என்றார், மூச்சு வந்தபிறகு. "முதல் நாள் கசப்பு. ஆனால் இத்துனூண்டுதானா? மற்றதெல்லாம் எங்கே?"

"உங்கள் வயிற்றில், மகாராஜா."

இருளப்பன் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினான்.

"முதல் நாள் பத்து அகப்பை மருந்தில் ஒன்று குடித்தீர்கள். மிச்சம் ஒன்பது. அதில் தண்ணீர் சேர்ந்தது. மறுநாள் அள்ளியதில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர், மற்றது மருந்து. இப்படி நாளுக்கு நாள், இருக்கிற மருந்தில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போனது. ஏழு நாளில் பாதிகூட மிச்சமில்லை. அடுத்த ஏழு நாளில் அதிலும் பாதிகூட இல்லை. நாற்பத்தெட்டு நாளில் நின்றது மாகாணி அகப்பை, பதினாறில் ஒரு பங்கு. அதுதான் இப்போது அகலில் வந்தது. இதில் நான் திருட என்ன இருக்கிறது?"

பிறகு வைத்தியர் பக்கம் திரும்பினான். "பத்து அகப்பைப் பானை நாற்பத்தெட்டு நாள் ஓடியிருக்கிறது. மறுபானைக்கு ஆள் வரவில்லையே என்று ஒருநாளாவது நினைத்தீரா, வைத்தியரே? மாமியார் சமையல் அவ்வளவு ருசியோ?"

ராயர் தொடையில் அடித்துச் சிரித்தார். சிரிப்பினூடே ஒரு பழைய ஏப்பம்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"நஞ்சுண்டரே, இன்னொரு பானை காய்ச்சும். நீரே குடியும். தினம் ஒரு அகப்பை. பேச்சி அந்தப் பக்கமே போகக் கூடாது."

வைத்தியர் முகத்தில் அப்போதே கசப்பு தெரிந்தது.

"இருளப்பா, உனக்கு ஒரு பானை மலைத்தேன். இங்கேயே உன் பெயர் எழுதி வைக்கிறேன். தினம் வந்து ஒரு அகப்பை சாப்பிட்டுவிட்டுப் போ."

இருளப்பன் மூலையில் பார்த்தான். பேச்சி செம்பில் தண்ணீரோடு தயாராக நின்றாள்.

"பானையை இப்போதே வீட்டுக்குத் தூக்கிப் போகிறேன், மகாராஜா" என்றான். "என் வீட்டில் பாத்திரங்கள் குறைந்தே நிற்கும்."