பூவலிங்கம் கடைக்குப் பக்கவாட்டில் ஜன்னல் வந்த கதை

கோவில்பட்டியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பூவலிங்கத்துக்குப் பொல்லாத கண் எரிச்சல். கம்ப்யூட்டருக்கு நேர் பின்னால் ஜன்னல். வெயில் முகத்தில் அறையும். அந்த எரிச்சலில்தான் ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் வர வேண்டிய இடத்தில் ‘நாதஸ்வரக் குழுவினர்’ என்று அச்சாகிவிட்டது.

“சாயங்காலத்துக்குள்ள ஒரே ஒரு மாப்பிள்ளையோட புதுப் பத்திரிகை வரணும். இல்லேன்னா கடை இருக்காது” என்று சொல்லிவிட்டுப் போனார் பெண்ணின் அப்பா.

பூவலிங்கம், வேலையாட்கள் தவசியையும் உலகுவையும் இழுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் ஓடினார்.

“திரை வெளிச்சத்தைக் குறைங்க. அடிக்கடி கண்ணைச் சிமிட்டுங்க. ஜன்னல் முன்னாடி இருக்கக் கூடாது, பக்கவாட்டுல இருக்கணும்” என்றார் டாக்டர்.

கடைக்கு வந்ததும் தவசி தன் கைலியை அவிழ்த்துத் திரைமேல் போர்த்தினான். வெளிச்சம் சுத்தமாகக் குறைந்தது. டவுசரோடு அவன் நிற்க, மூவரும் சிரத்தையாகக் கண்ணைச் சிமிட்டினார்கள். அந்த நேரம் பார்த்துப் பத்திரிகை மாதிரிகளைப் பார்க்க ஒரு டீச்சரம்மா உள்ளே வந்தார். பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

“என்ன மரியாதை பாருங்க அண்ணாச்சி!” என்று உருகினான் உலகு. செருப்பு அவன் முதுகில் வந்து விழுந்தது.

அடுத்தது ஜன்னல்.

“மேசையைத் திருப்பிப் போட்டா என்ன?” என்றான் தவசி.

“டாக்டர் மேசையைப் பத்தி ஒரு வார்த்தை பேசினாராடே?” என்று சீறினார் பூவலிங்கம்.

பேசவில்லைதான். கடப்பாரையை எடுத்துப் பக்கத்துச் சுவரை இடித்தார்கள். அந்தப் பக்கம் சலூன். செவ்வாய்க்கிழமை விடுமுறை, ஆளில்லை. மற்ற இருவரோடு ஓட்டை வழியே எட்டிப் பார்த்த பூவலிங்கம் திடுக்கிட்டார். எதிர்ச் சுவரில் இன்னோர் ஓட்டை. அதற்குள் புழுதி படிந்த மூன்று பேர், கண்ணெல்லாம் ரத்தச் சிவப்பு.

“பாவம்டே, நம்மளவிட மோசம்!” என்றார் அவர்.

“இத்தனூண்டு ஜன்னல் வச்சா எரியாம என்ன செய்யும்? நாமளே பெரிசாக்கிக் குடுத்துருவோம் அண்ணாச்சி” என்றான் தவசி.

ஓட்டை வழியே நுழைந்து, பூவலிங்கம் கடப்பாரையை ஓங்கினார். எதிரில் இருந்தவரும் ஓங்கினார்.

“நல்ல மனுசன், கூடவே கை குடுக்கார்!” என்றான் உலகு.

சடசடவென்று ஒரு சத்தம். தரையெங்கும் கண்ணாடிச் சில்லு. எதிரே மூவரையும் காணோம்.

“எங்கடே போனாங்க?”

வெறும் சுவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு உலகு சொன்னான்: “கண்ணு சரியாயிட்டுதுல்லா, வேலையப் பாக்கப் போயிட்டாங்க. ஒரு நன்றி சொல்லத் தோணிச்சா பாருங்க!”